பெயரை மட்டும் சொல்லிப் பக்கத்தைத் திருப்பும் குழந்தைக்கு

'இது என்ன?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இது எப்படிப் போகும்?' என்று கேளுங்கள். விலங்குப் படப் புத்தகம் பார்க்கும்போது, உங்கள் இரண்டரை வயது மகள் விலங்கின் பெயரை மட்டும் சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறாள் என்கிறீர்கள். பெயரைக் கேட்டால் பதிலும் பெயரோடு நின்றுவிடும்.

அச்சிட்ட படம் அசையாது. அசைவை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். தவளையின் மடங்கிய, நீளமான பின்னங்கால்களை அவள் விரலால் தொட வையுங்கள். பிறகு இருவரும் குந்தி உட்கார்ந்து ஒரு தாவு தாவுங்கள். பாம்பு வந்தால் தரையில் படுத்து, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நெளியுங்கள். கால் இல்லாமல் நகர்வது எவ்வளவு பாடு என்று அவளுக்கே தெரிந்துவிடும்!

மனதில் பதிந்ததா என்று பார்க்க, அடுத்த முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பேசாமல் இருங்கள். அவள் உடம்பு அசைந்தாலே போதும்.

ஒன்றில் மட்டும் கவனம்: படங்கள் தவறாகவும் இருக்கும். பாயும் குதிரையை, நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீண்டு அந்தரத்தில் இருப்பதுபோல் வரைவார்கள். உண்மையில் கால்கள் வயிற்றடியில் மடங்கும்போதுதான் அது தரையை விட்டு எழுகிறது. 1878இல் எடுத்த புகைப்படங்களே இதைக் காட்டிவிட்டன. குதிக்கும் யானையையும் கதையாகவே சொல்லுங்கள். வளர்ந்த யானையால் குதிக்க முடியாது.