புது பார்ட் போட்ட பிறகு சிஸ்டம் அடிக்கடி நிற்கிறதா? கேள்வி பதில்

ராம், கிராபிக்ஸ் கார்டு, பிரசசர் என்று எதையாவது புதிதாகப் போட்ட பிறகு சிஸ்டம் நின்று நின்று போகிறது என்று வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது? ஆன் செய்த உடனேயா, கேம் ஆடும்போதா, சும்மா இருக்கும்போதா? நீலத்திரை வந்ததா, அப்படியே உறைந்துபோனதா, கரண்ட் போன மாதிரி பட்டென்று அணைந்ததா? இதைக் கவனித்து வைத்திருப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. கவனிக்காமல் ஒவ்வொரு பார்ட்டாக வாங்கி மாற்றுகிறவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): அண்ணா, செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். டெஸ்க்டாப்பில் ஒன்றும் ஆகவில்லை. கேம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் பட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று வருகிறது. கார்டு போய்விட்டதா? எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) 450 வாட், பழையது.

தம்பி, கார்டைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. முதலில் அந்த 41. பலர் அதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். "போன தடவை நான் முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை" என்று விண்டோஸ் அடுத்த தடவை ஆன் ஆகும்போது எழுதிவைக்கிற குறிப்புதான் அது. ஏன் அணைந்தது என்பது அதில் இருக்காது. ஆனால் அதைத் திறந்து டீடெய்ல்ஸ் பகுதியில் "பக்செக் கோடு" என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால், நீலத்திரை போடக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது என் சந்தேகம் முதலில் கரண்ட் பக்கம்தான் போகும்.

இப்போது கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 450-ஐ விட்டுவிடுங்கள். கீழே கட்டம் போட்டு 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று இருக்கும். 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை ஆம்பியர்? அதை 12-ஆல் பெருக்குங்கள். 22 ஆம்பியர் என்றிருந்தால் 264 வாட்தான். கார்டும் பிரசசரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டில் இருந்துதான். 3070 மட்டும் 220 வாட். பிரசசரைச் சேர்த்தால் தாங்காது. என்விடியாவே இந்தக் கார்டுக்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. 220 வாட் என்பது சராசரிக் கணக்கு. கேமில் காட்சி சட்டென்று மாறும்போது, சில மில்லி வினாடிகளுக்குக் கார்டு அதைவிட நிறைய இழுக்கும். அந்தக் கணத்தில் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். இந்தத் திடீர் இழுப்பைக் கணக்கில் எடுத்துத்தான் 2022-இல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற புது விதிமுறையே வந்தது.

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். கார்டைக் கட்டுப்படுத்தும் ஆப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமில் 60 எஃப்பிஎஸ் (வினாடிக்கு 60 ஃபிரேம்) வரம்பு வையுங்கள். இப்போது ஒரு மணி நேரம் ஆடியும் அணையவில்லை என்றால் பிரச்சினை கரண்ட்தான், கார்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. புது எஸ்எம்பிஎஸ் வாங்கியதும், கார்டில் கரண்டுக்கான 8 பின் சாக்கெட் இரண்டு இருந்தால் இரண்டு தனித்தனி கேபிள் போடுங்கள். ஒரே கேபிளில் இரட்டை வாலாகத் தொங்குவதை இரண்டிலும் செருகாதீர்கள். ஒரு 8 பின்னுக்கு 150 வாட் என்பதுதான் கணக்கு.

கேள்வி (கோவை, திருமண ஆல்பம் டிசைன் செய்பவர்): 16 ஜிபி ராம் இருந்தது. இரண்டு 8 ஜிபி சேர்த்து நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினேன். அதே கம்பெனி, அதே 3200 வேகம். அன்றிலிருந்து நீலத்திரை. ஒருநாள் "மெமரி மேனேஜ்மென்ட்", ஒருநாள் "பேஜ் ஃபால்ட்", இன்னொரு நாள் ஏதோ டிரைவர் பெயர். குரோமில் டேப் தானாகவே விழுகிறது.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வருகிறது என்று எழுதினீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ராம் தப்பாகப் படித்தால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் இருந்தாரோ அவர் பெயரில் பழி விழும்.

எதற்கும் முன்னால் ஒன்று: ஆல்பம் வேலையை இந்த சிஸ்டத்தில் நிறுத்துங்கள். கெட்ட ராம் நீலத்திரையோடு நிற்காது. நீங்கள் சேவ் செய்கிற ஃபைலிலும் தப்பான பிட்டை எழுதும். ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் அப்படிக் கெட்டுப்போனதை நேரில் பார்த்தவன் நான். ஜேபெக் படங்களில் பாதிக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாகப் பட்டை விழுந்திருந்தது. அதே படங்களைத்தான் பேக்கப் ஹார்டுடிஸ்கிலும் காப்பி செய்திருந்தார்கள். அசல் மெமரி கார்டை அழித்துவிட்டார்கள். உங்களிடம் கார்டுகள் இருந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வையுங்கள்.

சரி, இப்போது சோதனை. பயாஸில் (ஆன் ஆகும்போதே திறக்கிற மதர்போர்டு செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங், ஆன் ஆகி இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். ராம் 2133 அல்லது 2666 என்று இறங்கி ஓடும். அதில் நிற்காமல் ஓடினால் ராம் கெட்டதாக இருக்க வேண்டியதில்லை, நான்கு ஸ்டிக்கையும் அந்த வேகத்தில் இழுக்க முடியவில்லை என்பதுதான் விஷயம். பெட்டியில் 3200 என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் எக்ஸ்எம்பியில் 1.35 வோல்ட் கொடுத்தால் கிடைக்கிற வேகம். டிடிஆர்4 வகை ராமின் அடிப்படை வோல்ட் 1.2. நான்கு ஸ்டிக் போட்டால் பிரசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும். போதாததற்கு, ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் போன வருடம் வாங்கியதிலும் இந்த வருடம் வாங்கியதிலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். அதனால்தான் ஒரே பேக்கில் வருகிற செட்டாக வாங்கச் சொல்கிறோம்.

எக்ஸ்எம்பி ஆஃப் செய்தும் நின்றால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு, இரவு ஆரம்பித்துவிட்டுத் தூங்குங்கள். நான்கு சுற்று ஓடட்டும். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது பிழைதான், "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. அப்புறம் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியாகப் போட்டு ஓட்டுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிரசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட வேண்டும், மதர்போர்டு புத்தகத்தில் படம் இருக்கும். விண்டோஸில் கூடவே வருகிற மெமரி சோதனையில் பிழை வரவில்லை என்பதை நம்பி ராமை விட்டுவிடாதீர்கள். அதில் தப்பித்து மெம்டெஸ்டில் மாட்டிய ஸ்டிக்குகள் என் மேஜை டிராயரிலேயே கிடக்கின்றன.

கேள்வி (யாழ்ப்பாணம், ஆசிரியை): என் பழைய மடிக்கணினியில் 4 ஜிபி டிடிஆர்3 ராம் சேர்த்தேன். சில நேரம் திரையே வருவதில்லை, வந்தாலும் சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. கழற்றினால் சரியாகிறது.

ராமின் ஸ்டிக்கரைப் பாருங்கள். "பிசி3எல்" என்று இருக்கிறதா, வெறும் "பிசி3" என்று இருக்கிறதா? அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம். எல் உள்ளது 1.35 வோல்ட்டில் ஓடும், இல்லாதது 1.5 கேட்கும். 2013-க்குப் பிந்தைய மடிக்கணினிகள் பல 1.35 மட்டும்தான் கொடுக்கும். வடிவமும் பின்னும் ஒன்றாகவே இருப்பதால் பார்த்துத் தெரியாது. கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் டீச்சர், மடிக்கணினியில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை.

கேள்வி (சென்னை, ஐடி ஊழியர்): பழைய பிரசசரை எடுத்துவிட்டு இன்டெல் 13-ஆம் தலைமுறை ஐ9 போட்டேன். ஆறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது சில கேம்கள் ஆரம்பத்திலேயே "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்று மூடிக்கொள்கின்றன. கார்டில் 16 ஜிபி இருக்கிறது! பெரிய ஜிப் ஃபைலை விரித்தாலும் பிழை.

கார்டை மாற்றிவிடாதீர்கள். அந்தச் செய்தி ஆளை மாற்றிக் காட்டுகிறது. கேம் ஆரம்பிக்கும்போது சுருக்கிவைத்த டேட்டாவை விரிப்பது பிரசசர். அது தப்பாக விரிக்கும்போதுதான் இந்த வீடியோ மெமரிச் செய்தி வருகிறது. ஜிப்பும் உடைகிறது என்றால் சந்தேகம் இன்னும் பலமாகிறது.

13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிரசசர்களில், 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில், தேவைக்கு மேல் வோல்ட் போய் நாளடைவில் பிரசசரே தேய்கிற குறை இருந்தது. 2024-இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (பிரசசருக்கு உள்ளேயே ஓடும் கட்டளைகள்) திருத்தம் கொடுத்தது. அது மதர்போர்டின் பயாஸ் அப்டேட்டாக வரும். உடனே போடுங்கள். பயாஸில் "இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்" என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: ஏற்கெனவே தேய்ந்த பிரசசரை எந்த அப்டேட்டும் சரி செய்யாது. அப்டேட் போட்டும் நின்றால் வாரன்டியில் மாற்றுங்கள். இந்த மாடல்களுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியது. பெட்டியோடு வாங்கியதென்றால் மொத்தம் ஐந்து வருடம். பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

கேள்வி (மதுரை): எனக்கு நேர்மாறு. ரைசன் பிரசசர் போட்டேன். ரெண்டரிங் நாள் முழுக்க ஓடினாலும் நிற்காது. சும்மா விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் உறைந்திருக்கிறது.

வேலை இல்லாதபோது ரைசன் மிக மிகக் குறைந்த கரண்டுக்கு இறங்கிவிடும். சில பழைய எஸ்எம்பிஎஸ்களுக்கு அவ்வளவு குறைவான இழுப்பு ஒத்துவராது. பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்று ஒன்று இருக்கும், அதை "டிபிகல் கரண்ட் ஐடில்" என்று மாற்றிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். முதல் தலைமுறை ரைசனில் இதை நிறையவே பார்த்தேன்.

கேள்வி (ஈரோடு): பிரசசரும் கூலரும் நானே மாற்றினேன். ஆன் ஆகி இரண்டு நிமிடத்தில் அணைகிறது. ஃபேன் சுற்றுகிறது.

கூலரைக் கழற்றி அடியைப் பாருங்கள். பிரசசரில் உட்காரும் பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால், அதை உரிக்காமல் மாட்டியிருக்கிறீர்கள். உரித்துவிட்டு, சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மாட்டுங்கள். தாள் இல்லை என்றால் நான்கு மூலையும் சமமாக இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி (சேலம், ஸ்டூடியோ): புது கேபினட்டுக்கு மாற்றியதிலிருந்து மேஜையைத் தட்டினால்கூட ரீஸ்டார்ட் ஆகிறது.

மதர்போர்டைக் கழற்றி, அடியில் இருக்கும் பித்தளைக் குமிழ்களை எண்ணுங்கள். போர்டில் எத்தனை ஸ்க்ரூ ஓட்டையோ அத்தனை குமிழ்தான் இருக்க வேண்டும். கேபினட் கம்பெனி பெரிய போர்டுக்கென்று முன்கூட்டியே மாட்டிவைத்த ஒரு குமிழ் உங்கள் போர்டின் முதுகில் முட்டிக்கொண்டிருக்கலாம். இதே மாதிரி ஒன்றில் நான் மூன்று நாள் திண்டாடினேன். ராம், எஸ்எம்பிஎஸ் எல்லாம் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. கடைசியில் போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டினேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு சோல்டர் புள்ளி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அன்றிலிருந்து இந்த மாதிரிக் குறை வந்தால் முதலில் அட்டைப்பெட்டிதான்.

கேள்வி (தஞ்சாவூர்): புது கார்டு போட்ட பிறகு கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்காமல் சிஸ்டமும் அணைகிறது. முன்பு தாங்கியது.

600 விஏ யுபிஎஸ் என்றால் வழக்கமாக 360 வாட்தான். கார்டு, பிரசசர், மானிட்டர் சேர்ந்து அதைத் தாண்டிவிட்டன. பேட்டரி மாற்றிப் பயனில்லை, பெரிய யுபிஎஸ் வேண்டும்.

கேள்வி (வேலூர்): எங்கே கேட்டாலும் "ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். செய்யலாமா?

அவசரப்பட வேண்டாம். பென் டிரைவில் உபுண்டு (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வழக்கமாக நிற்கிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஓடட்டும். கூடவே வீடியோ ஓடட்டும், நாலு டேப் திறந்திருக்கட்டும். அங்கேயும் நின்றால் ஹார்டுவேர்தான், ஃபார்மட் அடித்து உங்கள் ஃபைல்களை இழக்க வேண்டாம். அங்கே நிற்கவில்லை என்றால் டிரைவர் பக்கம் வாருங்கள். கார்டு மாற்றியவர்கள் பழைய டிரைவரின் மிச்சத்தைச் சேஃப் மோடில் "டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்" வைத்துத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். நீலத்திரை வருகிறவர்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் "மினிடம்ப்" என்ற ஃபோல்டரைப் பாருங்கள். ஒவ்வொரு தடவை விழுந்ததற்கும் ஒரு ஃபைல் தேதியோடு இருக்கும். கடைக்குப் போனால் அதையும் எடுத்துப் போங்கள்.

கேள்வி (திருச்சி, முதல் கேள்வி கேட்ட மாணவர்): அண்ணா, லேபிளில் 12 வோல்ட்டுக்கு 24 ஆம்பியர் இருந்தது. பவர் லிமிட் குறைத்ததும் அணையவில்லை! புது 650 வாட் மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிளைக் கழற்றி மாட்டலாம்) வாங்கிவிட்டேன். நண்பனிடம் வேறு கம்பெனி மாடுலர் கேபிள் கூடுதலாக இருக்கிறது, கறுப்பில் அழகாக இருக்கிறது. அதைப் போடலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. கார்டு பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரிதான். எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் வேறு மாதிரி வயரிங் வைத்திருக்கிறது. செருகினால் சரியாகவே உட்காரும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டுடிஸ்க் புகைந்துவிடும். உன் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் போடு. கழற்றிய 450-ஐயும் அதன் கேபிள்களையும் ஒன்றாகக் கட்டி, தனிப் பெட்டியில் பெயர் எழுதி வை.