எளிய ஓட்டமே கனக்கும்போது

கேள்வி: மாரத்தானுக்கு ஏழு வாரம் இருக்கிறது. வாரம் 65 கிலோமீட்டர் ஓடுகிறேன். பத்து நாளாகக் கால் கனக்கிறது, இரவில் விழிப்பு வந்துவிடுகிறது. வேக ஓட்டத்தில் முன்பு 172 வரை போகும் இதயத் துடிப்பு இப்போது எவ்வளவு முயன்றாலும் 160ஐத் தாண்டவில்லை. உடல் நன்றாகப் பழகிவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். தொடரலாமா, குறைக்கலாமா?

பதில்: குறைத்துவிடுங்கள். உடல் பழகியிருந்தால் அதே வேகத்துக்குத் துடிப்பும் குறையும், மூச்சும் இலகுவாகும். உங்களுக்குத் துடிப்பு ஏற மறுக்கிறது, சிரமமோ கூடியிருக்கிறது. சுமை தேங்கிய உடல், இதயத்தை விரட்டும் அட்ரினலின் போன்ற ஹார்மோன்களுக்கு மந்தமாகத்தான் அசையும். தசையில் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்திருந்தாலும் இப்படி ஆகலாம். வாட்சில் குறைந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்து, இன்னும் கொஞ்சம் கூட்டி ஓடிக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. வேகம், துடிப்பு, பட்ட கஷ்டம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

களைப்பே வரக்கூடாது என்றில்லை. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் கால் கனப்பது இயல்பு. இரண்டு மூன்று இலகுவான நாட்களில் அது கரைகிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். கரையாமல், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்கூடப் பாரமாக இருந்தால் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் எடுக்கும் துடிப்பு வழக்கத்தைவிட ஐந்துக்கு மேல் கூடிப் பல நாள் நீடித்தாலும் கவனியுங்கள். ஒருநாள் கணக்கை விட்டுவிடுங்கள், தூக்கம் கெட்டாலே அது ஏறும். காரணமில்லாத எரிச்சலும் ஓட்டத்தின் மேல் வெறுப்பும் எச்சரிக்கை அறிகுறிகள். அதை வீட்டில் இருப்பவர்கள் உங்களுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள்!

ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் அமைப்பும் அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பும் 2013இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, மிகைப் பயிற்சியைக் காட்டித்தரும் தனிப் பரிசோதனை எதுவும் இல்லை. சில நாளில் மீளும் களைப்பா, மாதக்கணக்கில் இழுப்பதா என்பது மீண்ட பிறகுதான் தெரியும். அதனால் முன்கூட்டியே குறைப்பதில் நட்டம் சிறிது.

சரி, எப்படிக் குறைப்பது? மூன்று நாள் ஓடவே வேண்டாம், நடந்தால் போதும். அந்த வாரம் மொத்தத் தூரம் பாதிக்கு மேல் போகக்கூடாது, இன்டர்வல் (இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடுவது) கிடையாது. அப்புறம் வழக்கமான பாதையில் வழக்கமான எளிய வேகத்தில் ஓடிப் பாருங்கள். பழைய இலகு திரும்பியிருந்தால் அடுத்த வாரம் முக்கால் பங்கு தூரம், ஒரே ஒரு சிறிய வேக ஓட்டம். இல்லையென்றால் இன்னொரு வாரமும் பாதித் தூரம்தான். சாப்பாட்டை மட்டும் குறைக்காதீர்கள். போதாத உணவே பல பேருக்கு இந்தக் களைப்பின் மூலம்.

திறன் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்சன் நடத்திய ஆய்வில், 40 நிமிடப் பயிற்சியை 26 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கு 15 வாரத்துக்குப் பிறகும் ஆக்ஸிஜன் உள்வாங்கும் திறன் இறங்கவில்லை. ஆனால் அவர்கள் தீவிரத்தைக் குறைக்கவில்லை. இரண்டாம் வாரமே சிறிய வேக ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது அதனால்தான்.

இரண்டு வாரத்தில் தேறாவிட்டால் மருத்துவரிடம் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது ஓடாதீர்கள். நெஞ்சுவலி, மயக்கம், துடிப்பு தாறுமாறாக ஓடுவது என்றால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ஏழில் இரண்டு வாரம் மீள்வதற்குப் போனாலும் மூன்று வாரம் பயிற்சிக்கு இருக்கிறது. கடைசி இரண்டு வாரம் எப்படியும் தூரத்தைக் குறைக்க வேண்டியவைதான். தவறிய நீண்ட ஓட்டங்களை அந்த மூன்று வாரத்துக்குள் திணிக்காதீர்கள்.