தசைக்கு ஒட்டுப் போடும் புரதம்

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. ஏ.எல். படிக்கும்வரை பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் ஓடித் திரிந்தவன். இப்போது நுனிக்காலில் நிற்க முடியவில்லை, கெண்டைக்கால் சூம்பிவிட்டது. முதலில் தசை அழற்சி என்று ஸ்டெரொய்ட் தந்தார்கள், சுகம் வரவில்லை. இப்போது மரபணுப் பரிசோதனையில் டிஸ்ஃபெர்லின் குறைபாடு என்கிறார்கள். அது என்ன டொக்டர்? நானும் கணவரும் மச்சான் மச்சாள் உறவு. அதனால் வந்ததா? ஜிம்முக்குப் போனால் பலம் வரும் என்று மகன் பிடிவாதமாக நிற்கிறான், விடலாமா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: ஜிம் கேள்வியை முதலில் எடுக்கிறேன் அம்மா, அதுதான் அவசரம். பாரம் தூக்கும் ஜிம் வேண்டாம். டிஸ்ஃபெர்லின் என்ற புரதத்தின் வேலை தெரிந்தால் காரணம் விளங்கும்.

படி இறங்கும்போதும் ஓடும்போதும் தசை இழையைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு அங்கங்கே கிழியும். எல்லோருக்கும் நடப்பதுதான். கிழிசல் வழியே கல்சியம் உள்ளே பாய்கிறது. அதை உணர்ந்து, இழைக்குள் இருக்கும் நுண்பைகளைக் கிழிந்த இடத்தில் கொண்டுபோய் ஒட்ட உதவுவது இந்தப் புரதம். 2003இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கெவின் கேம்பல் குழுவினர் இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டினார்கள். எலியின் தசை இழையை ஒளிரும் சாயத்தில் வைத்து லேசரால் துளையிட்டார்கள். நல்ல இழையில் சாயம் கொஞ்சம் புகுந்து, சற்று நேரத்தில் நின்றுவிட்டது. டிஸ்ஃபெர்லின் இல்லாத இழையில் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் படங்களைப் பார்த்த யாருக்கும் இப்படியான ஒரு பிள்ளையைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்று சொல்ல வாய் வராது.

அடைபடாத இழை செத்துப்போகும். காலப்போக்கில் அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்ளும். அதனால் களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளும் நடையும் நீச்சலும் நல்லது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து இறங்குவதைத் தம்பி விடவேண்டும். வீடு மாடியில் என்றால், படி ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கைபிடி அவசியம்.

ஸ்டெரொய்ட் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்த நோயில் தசைக்குள் அழற்சி அணுக்கள் தெரிவதும், பழுதான தசையிலிருந்து இரத்தத்தில் கசியும் சி.கே. என்ற நொதியம் பல ஆயிரமாக ஏறுவதும் உண்டு. அதனால் பலருக்கு இதே தவறு நேர்கிறது. ஆனால் ஜேர்மனியில் டிஃப்ளாசாகோர்ட் என்ற ஸ்டெரொய்டைக் கொடுத்து நடத்தி, 2013இல் வெளியான ஆய்வில் பலம் கூடவில்லை, குறையும் போக்குத்தான் தெரிந்தது. மகன் இன்னும் அதைக் குடிக்கிறார் என்றால் உடனே கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது, டொக்டர்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

சரி, உறவுக் கல்யாணம். டிஸ்ஃபெர்லின் மரபணுவின் பழுதான பிரதி தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் வந்தால்தான் இந்த நோய். சொந்தத்துக்குள் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்புக் கூடும், அது உண்மை. ஆனால் உறவே இல்லாதவர்களின் பிள்ளைகளுக்கும் வருகிறது. இதை வைத்து வீட்டில் யாரும் உங்களைக் குத்திக்காட்ட இடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. மகனுக்குத் தம்பி, தங்கச்சி இருந்தால் கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவில் ஆலோசனை கேட்கலாம்.

மாற்று மரபணு சிகிச்சை ஆராய்ச்சியில் இருக்கிறது. இந்த மரபணு நீளமானது. அதைச் சுமக்கும் வைரஸில் ஒரே முறையில் அடங்காததால் இரண்டு துண்டாக அனுப்பிப் பார்க்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் வரவில்லை, "குணமாக்குவோம்" என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

கேள்வி: மீன், முட்டை நிறையச் சாப்பிட்டால் இந்தப் புரதம் உடம்பில் ஊறுமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஊறாது. எந்தப் புரதத்தையும் குடல் உடைத்துத்தான் உள்ளே எடுக்கும். டிஸ்ஃபெர்லினை அந்தந்த தசை இழையே தன் மரபணுவைப் பார்த்துச் செய்துகொள்ளவேண்டும். மீனும் முட்டையும் அளவாகச் சாப்பிடுங்கள், எடை மட்டும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்த காலுக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம்.