பாலைவன கோல்ஃப் கிளப்பில் 'சூப்பரின்டென்டென்ட்' என்பவர் யார்? அந்த வேலைக்கு எப்படிப் போவது?

மைதானத்தின் புல்லுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பானவர்தான் சூப்பரின்டென்டென்ட். அரிசோனா மாதிரிப் பாலைவனத்தில் இது லேசான வேலை இல்லை. கடும் வெயிலைத் தாங்கும் பெர்முடா புல், குளிர்காலத்தில் பழுப்பேறி உறங்கிவிடும். உறுப்பினர்கள் கூட்டமாக வருவதோ அப்போதுதான்! அதனால் இலையுதிர் காலத்தில் அதை ஒட்ட வெட்டி, மேலேயே குளிரிலும் பச்சையாக இருக்கும் ரை புல் விதைப்பார்கள். பகல் ஷிப்ட் ஆள் தூங்கப் போக, அதே நாற்காலியில் இரவு ஷிப்ட் ஆள் வந்து உட்காருவது மாதிரி.

தொடக்கம் பெரும்பாலும் ஆட்டத்துக்குத் தடையாக மைதானத்தில் வைத்திருக்கும் மணற்குழியை விடியுமுன் வாரிச் சமன் செய்வதில்தான். அப்புறம் தெளிப்பான் பழுது, உதவி சூப்பரின்டென்டென்ட் என்று ஏறலாம். புல் பராமரிப்புப் படிப்பு இருந்தால் ஏற்றம் சீக்கிரம்.

இதற்கு கோல்ஃப் பிரமாதமாக ஆடத் தெரிய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆட்டம் சொல்லித்தரும் பயிற்சியாளருக்கு, இவருக்கு முக்கியம் மண்ணும் தண்ணீரும்.