எந்த டயாலிசிஸ் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரையால் சிறுநீரகம் பழுதாகி, இரண்டு மூன்று மாதத்தில் டயாலிசிஸ் தேவைப்படும் என்கிறார்கள். மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும், வயிற்றில் செய்வதே நல்லது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? - வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: எதிர்ப்புச் சக்தியை முதலில் குறைப்பது சிறுநீரகச் செயலிழப்புதான். கழிவுகள் தேங்கத் தேங்க வெள்ளணுக்கள் மந்தமாகும். சர்க்கரை நோயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எந்த டயாலிசிஸும் பழைய பலத்தை முழுசாகத் திருப்பித் தராது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்தக் கால செல்லுலோஸ் ஃபில்டரில் ரத்தம் பட்டதுமே உடலில் அழற்சி கிளம்பும். இப்போதைய பாலிசல்போன் போன்ற செயற்கை இழைகளில் அந்தத் தொல்லை குறைவு. நான் பயப்படுவது மெஷினுக்கு அல்ல, அவசரத்தில் கழுத்து ரத்தக்குழாயில் போடும் கதீட்டர் என்ற குழாய்க்கு. கிருமி நேராக ரத்தத்தில் இறங்க அது போதும். கையில் ஃபிஸ்டுலா (சின்ன அறுவை சிகிச்சையில் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கும் வழி) இருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால் அது பக்குவமாக 6 வாரத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால் இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள். அப்பா வலது கைக்காரர் என்றால் ஃபிஸ்டுலாவுக்காக இடது கையைக் காப்பாற்ற வேண்டும், அதில் இனி ஊசி குத்த விடாதீர்கள்.

பையிலிருந்து திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, கழிவோடு வெளியே எடுப்பதுதான் வயிற்று டயாலிசிஸ். இதில் ரத்தக்குழாய் வழித் தொற்று இல்லை, வாரம் மூன்று நாள் அலைச்சலும் இல்லை. பதிலுக்கு, வெளியேறும் நீரோடு தினமும் சுமார் 5 முதல் 10 கிராம் புரதம் போய்விடும். அதில் நோயை எதிர்க்கும் புரதங்களும் அடக்கம். முட்டை வெள்ளைக்கருவோ பருப்போ எவ்வளவு கூட்டலாம் என்று உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். பை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடி, முகக்கவசம் போட்டு, சோப்பால் கை கழுவ வேண்டும். வீட்டில் அதற்கென்று ஒரு சுத்தமான மூலை ஒதுக்க முடியுமா? முடியாதென்றால் இந்த முறையை நான் வற்புறுத்த மாட்டேன். வெளிவரும் நீர் அரிசி களைந்த தண்ணீர்போலக் கலங்கியிருந்தால், அந்தப் பையோடு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எந்த முறையானாலும் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு போட்டால் உடல் அவ்வளவாகப் பதில் தருவதில்லை. அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வழக்கமான 20 மைக்ரோகிராமுக்குப் பதில் 40 தருகிறோம். ஃப்ளூ, நிமோனியா ஊசிகளையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் பெரிதாகத் தெரியாமல் போகலாம். குளிர் நடுக்கம் வந்தாலே பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள்.