முப்பது வயதுக்குள் தேவனின் அழைப்பு வந்தாக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 28 வயது. குலசேகரம் பக்கம் ஊர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் திரும்பி வந்து ரப்பர் தோட்டத்தைப் பார்க்கிறேன். விடியுமுன் பால் வெட்டு, அப்புறம் ஷீட் அடிப்பது. சாயங்காலம் சும்மா இருக்கிறோமே என்று பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் வாலிபர் கூடுகையில் பேசியவர், “தேவன் உன்னைப் படைத்த நோக்கத்தை முப்பது வயதுக்குள் கண்டுபிடிக்காவிட்டால் வாழ்க்கை வீண்” என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை. உபவாசம் இருந்து ஜெபித்தும் ஒரு குரலும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போய்விடலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்த முப்பது வயதுக் கெடுவைத் தூக்கிப் போடுங்கள். பார்வோன் முன்னால் போய் நின்றபோது மோசேக்கு 80 வயது. அதற்கு முன்னால் மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த ஆள். இயேசு ஊழியம் தொடங்கியபோது ஏறக்குறைய 30 வயது என்கிறார் லூக்கா. அதுவரை நாசரேத்தில் தச்சு வேலை. அந்த வருடங்களும் வீண்தான் என்று சொல்ல உங்கள் பேச்சாளருக்குத் துணிச்சல் வருமா?

குரல் கேட்கவில்லை என்கிறீர்கள். உங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த இங்கிலாந்து டாக்டர் ஹோவர்டு சோமர்வெல்லின் கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் இந்தியாவுக்கு வந்ததே மலை ஏறத்தான். 1922 எவரெஸ்ட் குழுவில் ஒருவர். சிகரத்தைத் தொட முடியவில்லை. ஊருக்குத் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் நெய்யூருக்கு வந்தார். அங்கே வரிசை வரிசையாக நோயாளிகள். அவ்வளவு பேருக்கும் அறுவை செய்ய ஒரே ஒரு டாக்டர். லண்டனில் நல்ல ஆஸ்பத்திரி வேலை காத்திருந்தது. அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு நெய்யூருக்கே வந்து, இருபது வருடத்துக்கும் மேல் உழைத்தார்.

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்கிறவர்கள், கூட்டத்தைப் பார்த்து அவர் மனம் உருகியதோடு நிறுத்திவிடுவார்கள். உருக யாராலும் முடியும். இவர் முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்து கை பழகியவர். எதிரே நின்ற தேவையும் கை பழகிய வேலையும் பொருந்திப் போயின, அவ்வளவுதான். இன்னொன்றையும் விட்டுவிடுவார்கள். நெய்யூருக்கு வந்த பிறகும் அவர் மலையை விடவில்லை. 1924-இல் மறுபடி எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறினார். படம் வரைவதையும் விடவில்லை. ஆளுக்கு ஒரே ஒரு நோக்கம், அதைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்ற பேச்சு இவரிடம் செல்லாது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். தோட்டம், கூடுகை, தூக்கமின்மை எல்லாம் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். கணக்குச் சொல்லிக் கொடுப்பதை மட்டும் ‘சும்மா’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது. விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடந்த ஒருவன் சாயங்காலம் படுத்துத் தூங்கலாமே? அந்தப் பிள்ளைகள் ஏன் உங்களைத் தேடி வருகிறார்கள்? யாருக்காவது ஒரு கணக்கு பிடிபடும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது? இதற்கெல்லாம் உங்களிடமே பதில் இருக்கும்.

‘எனக்கு அப்படியொன்றும் தீராத ஆசை இல்லையே’ என்று தோன்றினால் பயப்பட வேண்டாம். முதல் நாள் ரப்பர் கத்தியைப் பிடித்தபோது ஆசையா வந்தது? பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் படாமல் வெட்டக் கை பழகிய பிறகுதானே அதில் ஒரு பிடிப்பு வந்திருக்கும். பாடம் சொல்வதும் அப்படித்தான் பிடித்துப்போகும்.

ஊழியத்துக்குப் போவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன செய்வதென்று தெரியாததால் போகிற இடமாக அது இருக்கக் கூடாது. பாவம், அந்தச் சபை மக்கள் என்ன பாவம் செய்தார்கள்? உங்களைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த போதகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். மேடையில் ஒருநாள் வந்துபோனவர் சொன்னதைவிட அவர் சொல்வதற்கு எடை அதிகம்.

என் யோசனை இது. அடுத்த கல்வியாண்டு முழுக்க அந்தப் பிள்ளைகளுக்கு நாளும் நேரமும் குறித்து, தவறாமல் சொல்லிக் கொடுங்கள். கணக்கில் பின்தங்கிய இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம். வருடக் கடைசியிலும் அலுக்கவில்லை என்றால் பி.எட். பற்றி விசாரியுங்கள். பி.இ. படித்தவர்களும் அதில் சேரலாம், இரண்டு வருடப் படிப்பு. அப்பாவின் மருந்துச் செலவுக்குத் தோட்டம்தான் வழி என்றால், பால் வெட்ட ஆள் வைத்தால் கட்டுப்படியாகுமா என்று இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.

உபவாசத்தை விட வேண்டாம். ஆனால் பால் வெட்டும் நாளில் இருக்காதீர்கள். இருட்டில், வெறும் வயிற்றோடு, கையில் கத்தியோடு நடப்பது நல்லதில்லை. மழையால் வெட்டு இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.