சின்ன வயதுத் தோழி பேயாகத் திரும்பி வந்து பள்ளி மாணவனோடு சுற்றுகிற ஜாலியான காதல் மங்கா ஏதாவது இருக்கிறதா? ரொம்ப அழவைக்காததாகச் சொல்லுங்கள்.

இருக்கிறது. 'அழவைக்காததாக' என்பதை மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தீர்கள் என்றால் நான் முதலில் சொல்வது அனோஹானா என்கிற ஜப்பானியப் படக்கதைதான். நீங்கள் கேட்டது அப்படியே அதில் இருக்கிறது: பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே கிடக்கும் ஒரு பையன், சின்ன வயதில் இறந்துபோன அவனுடைய தோழி, ஒரு கோடை நாளில் அவள் திரும்பி வந்து அவன் மேல் ஏறிக்கொண்டு நூடுல்ஸ் செய்து கொடு என்று அடம்பிடிப்பது. இல்லை, சிரித்தால் மட்டும் போதும் என்றால் அதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன், கீழே வருகிறது.

முழுப் பெயர் 'அனோ ஹி மிதா ஹானா நோ நமாயே ஓ போகுதாச்சி வா மாதா ஷிரானாய்'. அன்றைக்குப் பார்த்த அந்தப் பூவின் பெயர் நமக்கு இன்னும் தெரியாது என்று அர்த்தம். 2011 ஏப்ரலில் டிவி அனிமேயாகத்தான் (ஜப்பானிய அசைபடத் தொடர்) முதலில் வந்தது, மொத்தம் 11 எபிசோட், மாரி ஒகாதா எழுத, தாத்சுயுகி நாகாய் இயக்கியது. அடுத்த வருடம் அதை மங்காவாக ஜம்ப் ஸ்கொயர் இதழில் வரைய ஆரம்பித்தவர் மித்சு இசுமி. மூன்றே தொகுதி, ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம்.

கதை நடக்கும் ஊர் சிச்சிபு, தோக்கியோவுக்கு வடமேற்கே சைதாமா மாகாணத்தில் மலை சூழ்ந்த ஊர். ஆறு பிள்ளைகள், ஆரம்பப் பள்ளி வயதில் ஒன்றாகச் சுற்றியவர்கள், காட்டுக்குள் ஒரு பழைய குடிசையைத் தங்கள் ரகசிய இடம் என்று வைத்திருந்தவர்கள். அதில் மென்மா என்கிற பெண் ஆற்றில் விழுந்து இறந்துபோகிறாள், மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு திசையாகப் போய்விடுகிறார்கள். சில வருடம் கழித்து, அந்த ஐந்து பேரில் ஒருவனான ஜின்தா, பள்ளிக்குப் போகாத அந்தப் பையன், வீட்டில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது மென்மா பக்கத்தில் இருக்கிறாள். அவனுக்கு மட்டும்தான் தெரிகிறாள். மன அழுத்தத்தில் தன் மூளை செய்கிற வேலை இது என்று நினைத்து அவளைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பார்க்கிறான். ஆனால் கனக்கிறாள், பசிக்கிறது என்கிறாள், அதையெல்லாம் எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது?

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகக் கவனிக்கச் சொல்வேன். மென்மா செத்தது குழந்தையாக, ஆனால் வந்து நிற்பது ஜின்தாவின் வயதுப் பெண்ணாக. உடம்பு மட்டும் அவனோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது, பேச்சு அதே சின்னப் பிள்ளைப் பேச்சு. 'நான்' என்று சொல்லமாட்டாள், 'மென்மாவுக்கு வேணும்', 'மென்மா அழமாட்டா' என்று தன் பெயரைச் சொல்லித்தான் தன்னைப் பற்றிப் பேசுவாள். இறந்த குழந்தை குழந்தையாகவே வந்திருந்தால் இது காதல் கதையாக ஆகியிருக்காது. முழுக்கப் பெரியவளாக வந்திருந்தால் அவள் பழைய தோழியாகவே இருந்திருக்கமாட்டாள். அந்த நடுவில் நிற்கிற பெண்ணால்தான் கதை லேசாகவும் இருக்கிறது, தொண்டையையும் அடைக்கிறது.

பேய் என்றால் பயமாக இருக்காதா என்று பலரும் கேட்பார்கள். ஜப்பானில் பழைய காலத்துப் பேய்க்கு ஒரு அடையாளம் உண்டு, யூரேய் என்பார்கள்: வெள்ளை உடை, அவிழ்ந்த தலைமுடி, நெற்றியில் முக்கோணத் துணி, இடுப்புக்குக் கீழே கால் கிடையாது. கால் இல்லாமல் வரையும் பழக்கம் 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்கியோவால் பரவியது என்று சொல்வது வழக்கம். மென்மாவுக்கு வெள்ளை உடையும் நீண்ட முடியும் இருக்கிறது, அவ்வளவுதான். கால் இருக்கிறது, வெறுங்காலோடு தடதடவென்று ஓடுகிறாள். பழைய பேயின் இரண்டு அடையாளத்தை வைத்துக்கொண்டு பயமுறுத்துகிற மிச்சத்தை எடுத்துவிட்டார்கள்.

அதோடு, இறந்தவர்கள் கோடையில் வீட்டுக்கு வருவது அந்த ஊரில் வருடா வருடம் நடக்கிற காரியம். ஆகஸ்ட் நடுவில் ஓபோன் வரும். வெள்ளரிக்காயில் நான்கு குச்சி செருகிக் குதிரை செய்து வைப்பார்கள், கத்தரிக்காயில் அதேபோல் மாடு. வரும்போது சீக்கிரம் வரட்டும் என்று குதிரை, போகும்போது மெதுவாகப் போகட்டும் என்று மாடு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்த மாதிரி மங்காவைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது எனக்கு. கோடையில் பேய் வருவது அங்கே பாதி விருந்தாளி வருவது மாதிரி, சமையலறையில் ஒரு தட்டு கூட வைக்கிற சமாச்சாரம்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்றால், ஒருவனுக்கு மட்டும் தெரிவதிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. காற்றைப் பார்த்துத் திட்டுகிறவனைப் பார்க்கிற நண்பர்கள், பாவம் இன்னும் அந்தத் துக்கத்திலிருந்து மீளவில்லை என்று பேசிக்கொள்வார்கள். இந்த ஒரு வித்தையை மிகவும் கச்சிதமாகச் செய்தது என்று நான் நினைப்பது இன்னொரு கதை, தாசோகாரே ஓதோமே × அம்னீசியா. அதில் பேய் தோழி இல்லை, பழைய பள்ளிக் கட்டிடத்தில் இருக்கிற யூகோ என்ற பெண், தான் எப்படிச் செத்தோம் என்பதையே மறந்தவள். 2012-இல் வந்த அதன் அனிமேயில் முதல் எபிசோட் ஒரே காட்சியை இரண்டு தடவை காட்டும். முதல் தடவை, பேய் தெரியாத ஒரு மாணவியின் பக்கத்திலிருந்து: சாமான் தானாக அசைகிறது, பக்கத்தில் இருப்பவர்கள் யாருக்கோ பதில் சொல்கிறார்கள். அதே காட்சி திரும்ப ஓடும்போது நடுவில் யூகோ உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டும் பொறாமைப்பட்டுக்கொண்டும் இருக்கிறாள். முதலில் திகிலாக இருந்தது இப்போது முழுக்கக் காதல் சண்டை. பேய்க் கதைக்கும் காதல் நகைச்சுவைக்கும் நடுவில் இருப்பது யாருடைய கண் என்பது மட்டும்தான் என்று எந்த விமர்சனத்திலும் படித்ததைவிட அந்த இருபது நிமிடத்தில் எனக்கு நன்றாகப் புரிந்தது.

சரி, அனோஹானாவுக்கு வருகிறேன். ஜோபுட்சு என்று ஒரு சொல் வரும், ஆசை நிறைவேறி ஆவி இந்த உலகத்தை விட்டுப் போவது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் புத்தராக ஆவது. மென்மா வந்தது ஒரு ஆசையை நிறைவேற்றிக்கொள்ள, அது என்ன ஆசை என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. ஆகவே நண்பர்கள் ஒவ்வொன்றாக யோசித்து முயற்சி செய்கிறார்கள். முதலில் ஒரு பழைய வீடியோ கேமில் அபூர்வமான ஒரு குட்டி மிருகத்தைப் பிடித்துத் தருவது, அதற்கு மூன்று பேர் ராத்திரி முழுக்கச் சிரமப்படுவது, அந்தப் பக்கங்கள் அவ்வளவு சந்தோஷமானவை. அப்புறம்தான் ராக்கெட் வாணம். சிச்சிபுவில் நிஜமாகவே அப்படி ஒரு திருவிழா இருக்கிறது, ரியூசேய் என்று பெயர், அக்டோபர் இரண்டாம் ஞாயிறு யோஷிதா பகுதியில் நடக்கும். பைன் மரக் குழாயில் கருமருந்து கெட்டித்து, நீளமான மூங்கில் வால் கட்டி, ஊர்க்காரர்கள் தாங்களே செய்து மேலே விடுவார்கள். அதுபோல ஒன்றை மென்மாவுக்காக விடவேண்டும் என்று காசு சேர்க்க ஜின்தா பகுதிநேர வேலைக்குப் போகிறான், வீட்டை விட்டு வெளியே வராதவன்!

இந்த இடத்தில்தான் கதை என்னைப் பிடித்தது. அவளுடைய ஆசையை நிறைவேற்றினால் அவள் போய்விடுவாள். அவளைப் பிடித்திருப்பதால்தான் வேலைக்குப் போகிறான், வேலைக்குப் போய்ச் சேர்க்கிற ஒவ்வொரு யென்னும் அவளை அனுப்பிவைக்கிற காசு. அது அவனுக்கும் தெரிகிறது, போகப்போக, அனுப்பாமல் இப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று அவன் தயங்குகிற பக்கங்கள் வரும்போது நான் அவன் கட்சிதான், இன்றைக்கும்.

இன்னொன்று, ஜப்பானியக் காதல் நகைச்சுவையில் சின்ன வயதுத் தோழி, அவர்கள் மொழியில் ஓசானானாஜிமி, பெரும்பாலும் தோற்றுப்போகிற பாத்திரம். பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவளை விட்டுவிட்டு, நேற்று வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவளைக் காதலிப்பான் நாயகன். 'தோற்கிற நாயகி' என்று அதற்கு ரசிகர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அனோஹானாவில் ஜின்தாவைப் பிடித்த ஓசானானாஜிமி இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்த ஆறு பேரில் இன்னொருத்தியான அனாரு உயிரோடு இருக்கிறாள், ஜின்தாவை அவ்வளவு பிடிக்கும், கண் முன்னால் நிற்கிறாள், அவள் தோற்பது இறந்துபோனவளிடம். போட்டியாளர் மீது கோபப்படக்கூட முடியாது, ஏனென்றால் அந்தப் போட்டியாளரை நினைத்து அவளும்தான் இத்தனை வருடம் அழுதிருக்கிறாள். எல்லோரும் மென்மாவைப் பற்றியே பேசுவார்கள், எனக்கு அனாருதான்.

ஏன் இதை இவ்வளவு எழுதுகிறேன் என்றால், கதையின் ஆரம்பத்தில் ஒரு சின்னச் சம்பவம் இருக்கிறது. உனக்கு மென்மாவைப் பிடிக்கும்தானே என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுகிறார்கள். வெட்கத்தில் ஜின்தா அவளை அசிங்கமானவள் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான். அவள் அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். நாளைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவன் நினைக்கிறான், அந்த நாளை வரவே இல்லை. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள், தினமும் சேர்ந்துதான் பள்ளிக்குப் போவோம், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவோம். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த கூட்டத்துக்குப் பிடிக்கவேண்டும் என்பதற்காக ஒரு நாள் அவள் காதில் விழுகிற மாதிரி "அவகூட யாரு சேருவா" என்று சொல்லிவிட்டேன். அவளும் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டு ஒரு சிரிப்பு. கோடை விடுமுறை முடிந்து வந்தபோது அவர்கள் வீடு காலி செய்து போயிருந்தார்கள், வாசலில் அவள் சாக்பீஸில் போட்ட பாண்டிக் கட்டம் பாதி அழிந்து கிடந்தது. அவள் நன்றாக இருப்பாள், எங்கேயோ பிள்ளைகுட்டியோடு இருப்பாள். ஆனாலும் மென்மா சிரிக்கிற அந்தக் காட்சியை என்னால் வேகமாகத் தாண்ட முடிவதில்லை.

இப்போது உங்கள் நிபந்தனை. நிஜமாகவே அழவேண்டாம் என்றால் ஜிபாகு ஷோனென் ஹனாகோ-குன் எடுங்கள். ஐடாஇரோ என்ற பெயரில் இரண்டு பேர் சேர்ந்து செய்வது, ஜி ஃபேன்டஸி இதழில் 2014-இல் தொடங்கியது. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு: மூன்றாவது மாடிப் பெண்கள் கழிப்பறையில் மூன்றாவது கதவை மூன்று தடவை தட்டி 'ஹனாகோ-சான் இருக்கிறாயா' என்று கேட்டால் உள்ளே இருந்து பதில் வரும். நெனே என்கிற பெண் தனக்கு ஒரு காதலன் வேண்டும் என்று கேட்கப் போய்த் தட்டுகிறாள், வெளியே வருவது ஒரு பையன் பேய். அப்புறம் ஒரு கடற்கன்னியின் செதிலை விழுங்கி மீனாக மாறிவிடுகிறாள், அவன்தான் காப்பாற்றுகிறான், அதற்குப் பதிலாக அவள் தினமும் அந்தக் கழிப்பறையைத் தேய்த்துக் கழுவவேண்டும். நெனேவின் கால் முள்ளங்கி மாதிரி தடியாக இருக்கிறது என்று எல்லோரும் கிண்டல் செய்வதும், அவள் அதற்குக் கொதிப்பதும் தொடர்ந்து வரும். கெட்டியான கோடு, அடர்ந்த நிறங்கள், ஒவ்வொரு அட்டையும் சட்டம் போட்டு மாட்டலாம். போகப்போக அதுவும் கனமாகும், ஆனால் ஆரம்பத் தொகுதிகள் நல்ல கலகலப்பு.

யூரகி-சோ நோ யூனா-சான் என்று ஒன்றை யாராவது சொல்வார்கள், 24 தொகுதி, வெந்நீர் ஊற்று விடுதியில் இருக்கிற பேய்ப் பெண், பேய் இருப்பதால் மாத வாடகை வெறும் 1000 யென். அந்த ஐடியா நன்றாக இருக்கிறது, ஆனால் அரைகுறை ஆடைப் படங்கள் அவ்வளவு. தங்கையோடு சேர்ந்து படிக்க முடியாது, நான் பாதியில் விட்டுவிட்டேன்.

புதிதாக மங்கா படிக்கிறீர்கள் என்றால் வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும், இரண்டு நாளில் பழகிவிடும். ஹனாகோவை பஸ்ஸில் போகும்போது படிக்கலாம். அனோஹானாவின் மூன்றாவது தொகுதியை மட்டும் வீட்டில், யாரும் கூப்பிடாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதையில் மென்மா தன் பழைய நாட்குறிப்பில் எல்லோர் கண் முன்னாலும் எழுதுகிற இடம் ஒன்று வரும், யார் கையும் தெரியாமல் பென்சில் மட்டும் நகரும். அங்கே வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அதைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.